யாருக்கு என்று கேட்டவளுக்கு

உன் கேள்வியைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டார்கள்.

நேற்று முன்தினம் தி. நகரில் நாம் வேலை பார்த்த பழைய கடைக்குப் போயிருந்தேன். வேளச்சேரியிலிருந்து பஸ் பிடித்து, தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டு, மூன்றாம் மாடி ஏறுவதற்குள் முழங்கால் கழன்றுவிட்டது. பரிசு சுற்றித் தரும் கவுண்ட்டர் அதே தூணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. புதுத் தாள் உருளையைப் பிரித்தால் பசையும் மையும் கலந்து ஒரு வாசனை வருமே, அது படியிலேயே மூக்கில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் பின்னால் விளக்குப் போட்ட பெரிய பலகை. ‘யாருக்கு? சொல்லுங்கள். அவர்களுக்கு ஏற்றபடி அழகாகச் சுற்றித் தருகிறோம்.’ பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு விளம்பரப் பெண்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஒரு கேள்விக்காக உன்னை எத்தனை தடவை வறுத்தெடுத்திருப்பார்கள். பெட்டி கைக்கு வந்ததும் நீ தாளைத் தொட மாட்டாய். முதலில், "யாருக்குண்ணா?" என்பாய். அம்மாவுக்கு என்று பதில் வந்தால், "அம்மாக்கு இன்னா கலர் புடிக்கும்?" என்பாய். அங்கேதான் ஆட்கள் முழிப்பார்கள். அன்னையர் தினத்துக்கு முதல் நாள், நரை தட்டிய ஒருவர் கவுண்ட்டரில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டு, "உனக்கு என்ன கலர்மா பிடிக்கும்?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்த அம்மா இருபது நிமிடம் பேசினார். வரிசை படிக்கட்டு வரை போய்விட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்து, "இது கடையா, கல்யாண மண்டபமா?" என்று கத்தினார். நீ அசரவில்லை. "பேசட்டும் சார், அதுக்குத்தானே வாங்கறாரு" என்றாய்.

நான் உன்னைப் போல் இல்லை. எனக்குப் பண்டிகை என்றால் முதுகுவலி. காதலர் தினத்துக்குச் சிவப்புத் தாள், நண்பர்கள் தினத்துக்கு மஞ்சள், அட்சய திருதியைக்கு மயில் போட்டது, கிறிஸ்துமஸுக்குப் பச்சை. ஒன்று முடிந்த மறுநாளே அடுத்ததன் உருளை வந்து இறங்கும். வீட்டுக்குப் போனால் என் பிள்ளைகளுக்கு ஒரு மத்தாப்புக் கொளுத்தித் தரக்கூடக் கை எழாது. "எல்லாம் வியாபாரம்டி. கடைக்காரன் நாள் குறிக்கிறான், ஊரே ஆடுது" என்று புலம்புவேன். நீ டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே பதில் சொல்வாய். "வியாபாரந்தான். இல்லன்னு யார் சொன்னது? நாமளும் அதுல தானே சோறு துன்றோம். ஆனா வாங்கறவன் யாரையோ நெனச்சிக்கினுதானே வாங்கறான். அத்தக் கேட்டா நமக்கு இன்னா கொறஞ்சிப் பூடும், மயிலாப்பூரு?"

அப்போது அங்கே குடியிருந்ததால் மயிலாப்பூரு என்பது என் பெயர். உன் வாயில் மட்டும்.

அந்த வருடத் தீபாவளியை நான் உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வருகிறது, அதற்காகத்தான். எல்லாப் பெட்டிக்கும் கடை பெயர் அச்சடித்த தங்கத் தாள் ஒன்றுதான் என்று உத்தரவு போட்டார்கள். வேகம் வேண்டுமாம். அலங்காரத்துக்கு நம் முதுகுக்குப் பின்னால் காலி அட்டைப் பெட்டிகளை அதே தாளில் சுற்றி மலையாகக் குவித்து வைத்திருந்தார்கள். அப்போதே யாராவது யோசித்திருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் அந்த இஸ்திரிக்காரர் வந்தார். அத்தனை நெரிசலிலும் நீ கேட்டாய்: "யாருக்குண்ணா?" மனைவிக்கு என்றார். அந்த அம்மா அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து, போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாராம். அபிராமபுரத்தில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டு ஊர்த் துணியெல்லாம் தேய்ப்பவர், பெண்டாட்டிக்கு வாங்கியது பூனம் சேலை. "இத்தத் தேய்க்கவே வேணாம் பாருங்க. கசங்காது. அவ இஸ்திரிப் பெட்டியத் தொடக் கூடாது இனிமே" என்றார். என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டதும் முழிக்காமல் உடனே சொன்ன ஆள் அவர்தான். "கனகாம்பரம்." நீ சூப்பர்வைசரிடம் போய் ஒரே ஒரு பெட்டிக்கு அந்த நிறத் தாள் வேண்டும் என்று கேட்டாய். தங்கம்தான் என்று விரட்டிவிட்டார். நீ வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு தங்கத் தாளில் சுற்றி என் பக்கம் தள்ளினாய். நான் அதைப் பின்னால் கீழே வைத்துவிட்டு இன்னொருவருக்கு ரசீது கிழித்தேன். திரும்பி, கைக்கு எட்டிய பெட்டியை எடுத்து இஸ்திரிக்காரரிடம் கொடுத்தேன். பூனம் சேலைக்கு என்ன கனம் இருக்கப்போகிறது, அவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

சாயங்காலம் அந்தக் காலிப் பெட்டி மலையைக் கலைத்தோம். தீபாவளி வருவதற்கு முன்பே கிறிஸ்துமஸுக்கு இடம் வேண்டுமல்லவா. ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த நீ ஒன்றைப் பிடித்தபடி நின்றாய். "இதுல துணி கீது" என்றாய். ஓரத்தைப் பிரித்துப் பார்த்தோம். பூனம் சேலை.

ஏற்கெனவே இரண்டு தவறு செய்து, மூன்றாவது செய்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டவள் நான். அதைத்தான் முதலில் உன்னிடம் சொன்னேன், வெட்கமாக இருக்கிறது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "வேலை பூட்டா இன்னொண்ணு தேடிக்கலாம்டி. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த மொதோ தீபாவளி. அந்த அக்கா காலிப் பெட்டியத் தொறந்தா இன்னா நெனைக்கும்?"

தீபாவளி காலையில் லஸ் முனையில் எனக்காக நின்றாய். சாந்தோம் குப்பத்துக்காரி, கழுத்தில் சிலுவை போட்ட சங்கிலி, ஊரெல்லாம் வெடிப்புகை, கையில் ஒரு பெட்டி. "உன் பண்டிகைக்கு நான் ஓடறேன் பாரு. எங்க கிறிஸ்மஸுக்கு நீ வந்து தேவாலயத்தப் பெருக்கு" என்றாய். சேலையை நீ வீட்டில் வேறு பெட்டியில் வைத்து, மிச்சத் துண்டுகளிலிருந்து தேடி எடுத்த கனகாம்பர நிறத் தாளில் சுற்றியிருந்தாய். நான் அதுவரை பார்த்தவற்றில் அழகான பெட்டி அதுதான். அபிராமபுரத்தில் வேப்பமரம் ஒன்றா இரண்டா. பண்டிகை என்பதால் எந்த மரத்தடியிலும் வண்டி இல்லை. நான்கு தெரு அலைந்து, ஒரு வாட்ச்மேன் சொல்லி, அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த அந்த ஒண்டுக் குடித்தனத்தைக் கண்டுபிடித்தோம்.

வாசலிலிருந்தே தங்கப் பெட்டி தெரிந்தது. சாமி படங்களுக்கு முன்னால், பிரிக்காமல். எனக்கு உயிர் வந்தது. இஸ்திரிக்காரர் நம்மைப் பார்த்துத் திகைத்து நின்றார். உள்ளேயிருந்து வந்த அந்த அம்மா தலையில் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். மெலிந்த முகம், நிறையச் சிரிப்பு.

"இன்னாமா, நாளும் கெழமையுமா கடைலேர்ந்து வந்துகிறீங்க?"

நான் உன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். நீ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அண்ணன் நேத்து உனக்குக் கனகாம்பரக் கலர்தான் புடிக்கும்னு சொன்னாருக்கா. கடைல குடுக்கல. எனக்குத் தூக்கம் வரல. அதான் சுத்தி எடுத்தாந்தேன். அந்தப் பொட்டிய எங்ககிட்ட குடுத்துடு, இத்த வச்சிக்க."

அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் உன் சாமர்த்தியம்.

"கலருக்கோசரமா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாமி முன்னாலிருந்து தங்கப் பெட்டியை எடுத்து, கனமான எதையோ தாங்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வந்து உன்னிடம் கொடுத்தார். சாமி முன்னால் இருந்ததால் அவ்வளவு மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டேன். கனகாம்பரப் பெட்டியை அப்போதே பிரித்தார். தாள் கிழியாமல் பிரிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. சேலையைத் தோளில் போட்டுப் பார்த்து, "இத்தத் தேய்க்கவே வேணாம்" என்று புருஷன் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். நமக்கு இட்லியும் கறிக்குழம்பும் போட்டார். நீ ஏழு இட்லி தின்றாய். எட்டு என்பேன் நான், சண்டைக்கு வருவாய்.

திரும்பி நடக்கும்போது அந்தத் தங்கப் பெட்டியை என் கையில் திணித்தாய். "இந்தா மயிலாப்பூரு, உனக்கு என் தீபாவளிப் பரிசு. பத்திரமா வச்சிக்க, உள்ள உன் மூளை கீது." தெருவில் நின்று இருவரும் சிரித்தோம். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் கொண்டாடிய முதல் தீபாவளி அதுதான் என்று அன்று எனக்குத் தெரிந்தது.

மறுவருடம் நான் அதே பெட்டியை, தங்கத் தாளுக்கு மேலேயே இன்னொரு தாள் சுற்றி, லஸ் முனை டீக்கடையில் உன்னிடம் கொடுத்தேன். அதற்கடுத்த வருடம் நீ அதன்மேல் இன்னொன்று சுற்றி என்னிடம் கொடுத்தாய். ஒருமுறைகூடப் பிரித்ததில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்த இரண்டு பேர், வருடத்துக்கு ஒருவராகச் சுற்றிச் சுற்றி, தங்கத் தாளோடு பதினைந்து தாள் ஆயிற்று. நான் அந்தந்த வருடம் கடையில் மிஞ்சியதைச் சுற்றுவேன். நீ மட்டும் எப்போதும் கத்தரிப்பூ நிறம். "உனக்கு வேற உருளையே கிடைக்கலையா?" என்று கிண்டல் செய்வேன். நீ டீயை உறிஞ்சிக்கொண்டு பேச்சை மாற்றுவாய். அந்த இஸ்திரிக்காரர் வீட்டுக்குப் போய்வரலாம் என்று ஒவ்வொரு வருடமும் நான் சொல்ல, "உன் ஓட்டை வாய வச்சிக்கினா? நீ ஒளறிடுவே" என்று தடுத்துவிடுவாய். உளறியிருப்பேன்தான்.

போன தீபாவளிக்கு நீ சுற்றிக் கொடுத்தாய். மாசியில் போய்விட்டாய். காலையில் மீன் வாங்கப் போனவள், வாங்கிய மீனோடு திரும்பி வந்து படுத்தவள், எழுந்திருக்கவில்லை என்று உன் வீட்டில் சொன்னார்கள். பெட்டி என் பீரோ மேல் இருந்தது. இந்த வருடம் சுற்ற வேண்டியது என் முறை. சுற்றுவது பெரிய காரியமில்லை. சுற்றி யார் கையில் கொடுப்பது என்பதுதான் ஐப்பசி பிறந்ததிலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருந்தது. பேசாமல் குப்பையில் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு நாள் கையில் எடுத்தேன். மனசு வரவில்லை. தூக்கிக்கொண்டு கடைக்கே போனேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகளைவிட வயது குறைவு. முகத்தைப் பார்க்காமலே, "யாருக்கு மேடம்?" என்றாள். எத்தனையாவது தடவையோ. குரலில் உயிரே இல்லை. பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது: அம்மா என்றால் இந்தத் தாள், மனைவி என்றால் அந்தத் தாள், மேலதிகாரி என்றால் கோடு போட்டது. உன் கேள்வியை எடுத்துக்கொண்டு பதிலையும் அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். சண்டை போட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் என் வாயிலிருந்து, "என் சிநேகிதிக்கு" என்று வந்தது.

"தோழிக்குன்னா பிங்க் மேடம்." பெட்டியைத் தூக்கியவள் நின்றாள். இப்போதுதான் என்னைப் பார்த்தாள். "மேடம், இது ஏற்கெனவே சுத்தித்தான் இருக்கு. உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரியும் இருக்கே."

"தெரியும்மா. அதுக்கு மேலேயே சுத்து. பிங்க் வேண்டாம்."

"சரி மேடம். அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

நான் முழித்தேன். அந்தக் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று எத்தனை பேர் முழிப்பதைப் பார்த்துச் சிரித்திருப்பேன். அத்தனை வருடம் உன் பக்கத்தில் நின்றிருக்கிறேன், உன் டப்பாச் சோறு தின்றிருக்கிறேன். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒரு நாள் கேட்டதில்லை. எல்லாரையும் கேட்டவளை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அது இன்னும் வலிக்கிறது, மன்னித்துக்கொள்.

"எனக்குத் தெரியலைம்மா. இப்ப கேட்கவும் முடியாது. மாசியில போயிட்டா" என்றேன்.

வரிசையில் பின்னால் நின்றவர் பொறுமையில்லாமல் உச்சுக் கொட்டினார். அந்தப் பெண் அவரைக் கவனிக்கவில்லை. டேப்பைக் கீழே வைத்தாள். "அப்ப உங்களுக்கு அவங்கள நெனச்சா எந்தக் கலர் தோணுது?" என்றாள். அது நிச்சயமாக அந்த அட்டையில் இல்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. கேள்வியைக் கடை திருடலாம், பலகையில் மாட்டலாம், ஆயிரம் தடவை உயிரில்லாமல் கேட்க வைக்கலாம். ஆயிரத்து ஒன்றாவது தடவை அது வேலை செய்துவிடுகிறது. என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"கனகாம்பரம்" என்றேன். குனிந்து, அடித்தட்டில் துழாவி, ஒரு அரை உருளையை எடுத்தாள். ஓரங்களைக் கட்டைவிரலால் நீவி நீவி மடித்தாள், நீ செய்வதைப் போலவே. அந்த நிறம் பெட்டி மேல் படியப் படிய, அதை யார் கையில் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்று காலை அபிராமபுரம் போனேன். தனியாகத்தான். அதே அடுக்குமாடி, பின்னால் அதே வீடு, இப்போது வாசலில் டைல்ஸ். அந்த அம்மா கோலத்துக்குப் பக்கத்தில் அமர்ந்து பேரப்பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பின்னல் இடுப்பு வரை இருக்கிறது, நீ பார்த்திருக்க வேண்டும். என்னை உடனே அடையாளம் தெரிந்தது. "கனகாம்பரக் கலர் பொண்ணு எங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். துண்டைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

பெட்டியை அவர் மடியில் வைத்தேன். பிறகு, நீ பயந்த மாதிரியே, என் ஓட்டை வாய் திறந்துகொண்டது. "அக்கா, ஒரு உண்மை சொல்லணும். அன்னைக்கு நீங்க சாமி முன்னாடி வச்சிருந்தீங்களே தங்கப் பெட்டி, அது..."

"காலி" என்றார் அவர்.

உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். இஸ்திரிக்காரர் உள்ளேதான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவா பேசும்மா. அவருக்கு இன்னிக்கி வரிக்கும் தெரியாது. மொத நாள் சாயங்காலம் கைல வாங்குனப்பவே எனக்குத் தெரிஞ்சிப் போச்சி. நாள் பூரா துணி தூக்குற கைமா இது. அவரு என் மூஞ்சையே பாத்துக்கினு நிக்கறாரு. அந்த மூஞ்சப் பாத்து எப்டிச் சொல்றது? சாமிகிட்ட வச்சிப் பிரிக்கிறேன்னு வச்சிட்டேன். எத்தினி நாளைக்கி வச்சிருக்கிறதுன்னு ராத்திரி பூரா யோசிக்கிறேன், காலைல நீங்க ரெண்டு பேரும் மூச்சு வாங்கிக்கினு வந்து நிக்கிறீங்க."

"அப்ப அந்தக் கலர் கதை?"

"நல்லாத்தானே சொல்லிச்சி அந்தப் பொண்ணு. அதான் கனமாத் தூக்கிக் குடுத்தேன், அவரு பாக்கறாருன்னு."

நான் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவர், "இன்னா அங்க?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்ல, நீ டிவியப் பாரு" என்றார் இந்த அம்மா. நாம் இந்த அம்மாவை ஏமாற்றிவிட்டதாக வருடக்கணக்கில் டீக்கடையில் பெருமை அடித்துக்கொண்டோமே. கேட்டிருந்தால் அந்த மேசையைத் தட்டியே உடைத்திருப்பாய். உன்னிடம் சொல்லத்தான் இந்த மடல். வேறு யாரிடம் சொல்வது?

பெட்டியின் கதையைச் சொன்னேன், பதினாறு தாளையும். அவர் அதைத் தூக்கி எடை பார்த்தார். "காயிதமே நல்லா கனக்குது" என்றார். கொண்டுபோய்ச் சாமி முன்னால் வைத்தார், இந்தத் தடவை ஒரே கையால். இட்லி வந்தது, கறிக்குழம்பு வந்தது. புறப்படும்போது வாசல் வரை வந்தார்.

"அடுத்த வருசம் நான் சுத்தித் தரணும், அதானே கணக்கு? உனக்கு இன்னா கலர்மா புடிக்கும்?"

இந்தத் தடவை நான் முழிக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், தாள் உருளைகளுக்கு நடுவில் மிரண்டு நின்றவளிடம் நீ கேட்ட முதல் கேள்வி அதுதான். அன்று ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ மறக்கவே இல்லை என்பதும், உனக்கு வேறு உருளை கிடைக்காமல் இல்லை என்பதும் அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"கத்தரிப்பூக் கலர்" என்றேன்.